சரிபாதி

மேசையில் கிடக்கும் பலகை துடிக்கிறது.
சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு.
வெள்ளிக்கிழமை ஃபுல்வியோ பற்றவைத்தது.
ஒரு டிரான்சிஸ்டர் கோணல்,
ஈயம் ஒழுகிக் காய்ந்திருக்கிறது,
ஆனாலும் துடிக்கிறது.

என் திரையில் அதே சுற்று
நூல் பிடித்த கோடாக நிற்கிறது.

வழக்கத்தில் இது தலைகீழ்.
திரையில் ஆடும், மேசையில் புகையும்.
பழிபோட எப்போதும் ஏதாவது அகப்படும்:
தளர்ந்த கம்பி, ஈரக் காற்று, ஃபுல்வியோ.
இன்று எல்லாம் என் தலையில்.

பவியாவில் நவம்பர்.
மூடுபனி ஆற்றை விழுங்கி, பாலத்தை விழுங்கி,
இப்போது வாகன நிறுத்தத்தை
ஒவ்வொரு காராக மென்றுகொண்டிருக்கிறது.

முதலில் தரையைத் தேடினேன்.
தரை இணைக்காத சுற்றில்
எல்லா வோல்ட்டும் அந்தரத்தில் தொங்கும்.
இருந்தது, முக்கோணமாய், இருக்க வேண்டிய இடத்தில்.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன எம்.
அளவுமானியின் பாரமாக
ஒன்று போட்டு, பக்கத்தில் பெரிய எம் போட்டிருந்தேன்.
எனக்கு அது மெகா.
மென்பொருளுக்குப் பெரிய எம்மும் மில்லிதான்.
நூறு கோடி மடங்கு வித்தியாசத்தை
முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறது.
திருத்தினேன்.
கோடு பூஜ்யத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பி
அங்கேயும் நீட்டிப் படுத்துக்கொண்டது.

காலத்தை இன்னும் பொடியாக நறுக்கினேன்.
விசிறி இரைந்தது.
ஒன்றும் நடக்காததை
ஒரு கோடிப் புள்ளிகளில் பார்த்தேன்.

"ஒர்நெல்லா, சுவிட்சைப் போட்டாயா?"
ஃபுல்வியோ காப்பிக் கோப்பையோடு போகிறபோக்கில்.
கிண்டல்தான்.
கதவு சாத்திய பிறகுதான் உறைத்தது,
என் சுற்றில் சுவிட்சே இல்லை.
என் உலகத்தில் மின்சாரம் அநாதி.
கடிகாரம் பூஜ்யத்தில் தொடங்கும்போதே
எல்லா முனையும் எப்போதோ அடங்கி
உட்கார்ந்திருக்கிறது.

சரி, பிறக்கட்டும் என்று
ஒன்பது வோல்ட்டைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றினேன்.
இரண்டு கோடுகளும் எழுந்தன,
ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே கோடாக.
இறங்கின. நின்றன.
இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டேன்.
பூஜ்யம்.
சின்ன எண் இல்லை. பூஜ்யம்.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தேன்.

இடது பாதியை நான்தான் வரைந்தேன்.
நகலெடுத்து, திருப்பிக் கவிழ்த்து,
வலது பாதி என்று ஒட்டினேன்.
ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்த பெருமை வேறு.
இப்போது இரண்டு டிரான்சிஸ்டர்களும்
கல்யாண வீட்டு வாசலில் சம்பந்திகள் மாதிரி
நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில்,
உள்ளே இலையில் சோறு ஆறுகிறது.

ஃபுல்வியோவின் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன்.
மின்தடைகள், வயிற்றில் தங்கப் பட்டை.
ஐந்து சதவீதம் முன்னேபின்னே இருப்பேன் என்று
உடம்பிலேயே எழுதிக்கொண்டு விற்பனைக்கு வருகின்றன.
ஒன்றுகூட இன்னொன்று இல்லை.

பத்து கிலோ ஓம் இரண்டில் ஒன்றை
பத்து புள்ளி ஒன்று ஆக்கினேன்.
எதை என்று யோசிக்கவில்லை.
இடது. கை அங்கே இருந்தது.

ஓட்டினேன்.
கோடு எழுந்தது, தயங்கியது,
நடுவில் மயிரிழை வெளிச்சம்,
பிறகு ஒன்று தடாலென்று விழ
மற்றது துள்ளி ஏறியது,
ஏறியது விழ, விழுந்தது ஏற,
திரை முழுக்க மதில் பல் மாதிரி அலை.

ஃபுல்வியோவைக் கூப்பிடலாம் என்று எழுந்தேன்.
உட்கார்ந்துவிட்டேன்.
அலையின் வேகம் பலகையோடு
ஏழு சதவீதம் ஒத்துவரவில்லை.

ஜன்னலில் என் காரும் போய்விட்டது.
மேசையில் சிவப்பு, பச்சை, சிவப்பு.
மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி
அளக்கத் தொடங்குகிறேன்.